தங்க முலாமும் ரப்பர்க் குடுவையும்

பித்தளைக் கருவி வாசிப்போரைப் பற்றி இசை கற்றவர்களிடையே ஓர் ஏளனம் நெடுங்காலமாக உண்டு. டிரம்பெட்டை ஒற்றைக் கையால் வானோக்கித் தூக்கி வாசிப்பவர், மூச்சு விடாததுபோல் ஒரே சுரத்தை நிமிடக்கணக்கில் இழுப்பவர், உச்சஸ்தாயியில் போய் நின்றுகொண்டு கைதட்டலுக்குக் காத்திருப்பவர் ஆகியோர் வித்தைக்காரர்களே தவிர இசைக்கலைஞர்கள் அல்லர் என்பது அதன் சாரம். அப்படி ஏளனம் செய்பவர்கள் பலரது கருவிப்பெட்டியில் வேறு சில பொருள்களைக் காணலாம்: வழக்கத்தைவிடக் கனமான வால்வு மூடிகள், மவுத்பீஸின்மேல் மாட்டும் பித்தளை உறை, தங்க முலாம் பூசிய விளிம்பு, உறைநிலைக்கு வெகுகீழே குளிர்வித்துப் 'பதப்படுத்திய' குழல். முன்னதை மலிவான பகட்டு என்றும் பின்னதை நுண்ணிய ரசனை என்றும் வகைப்படுத்தப் பழகியிருக்கிறோம். இந்த வகைப்பாடு பெரும்பாலும் தலைகீழானது என்பதே இப்பதிவின் வாதம். கேட்பவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் வித்தை நேர்மையானது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது தன்னை மறைப்பதில்லை. வாங்கியவரின் நம்பிக்கையில் மட்டும் வாழும் துணைப்பொருளே ஐயத்துக்குரியது.

இரண்டையும் பிரித்தறிய மொழியியலின் அரிச்சுவடியில் உள்ள ஒரு சோதனை போதும். 'கல்' என்ற சொல்லின் ஈற்றொலியை மாற்றிக் 'கள்' என்று சொன்னால் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே தமிழில் லகரமும் ளகரமும் தனித்தனி ஒலியன்கள். 'பகல்' என்பதன் இடையிலுள்ள ககரத்தை ஒருவர் சற்று அழுத்தியும் இன்னொருவர் ஹகரச் சாயலோடும் ஒலிக்கிறார்கள். கருவி வைத்து அளந்தால் இரண்டும் வேறு வேறு ஒலிகள்தாம். ஆனால் கேட்பவருக்கு இரண்டும் பகலே. அவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். இரண்டு ஒலிகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது என்பதும், அந்த வேறுபாடு எதையேனும் சொல்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். இசைக்கருவியில் எதையேனும் ஒட்டும்போதும் கழற்றும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால், கேட்பவருக்கு இசையின் பொருள் மாறுகிறதா?

இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் பெறும் துணைப்பொருள் இசைக்கடையில் விற்பதன்று. கழிவறை அடைப்பை நீக்கப் பயன்படும் ரப்பர்க் குடுவை அது. 1920களில் டியூக் எலிங்டனின் குழுவில் டிரம்பெட் வாசித்த பப்பர் மைலியும், 1926இல் அக்குழுவில் சேர்ந்து 1946இல் இறக்கும்வரை டிராம்போன் வாசித்த ஜோ நேண்டனும், அந்தக் குடுவையின் பிடியைக் கழற்றிவிட்டுக் கருவியின் மணிமுகப்பை அதனால் மூடியும் திறந்தும் வாசித்தனர். நேண்டனுக்கு 'டிரிக்கி சாம்' என்றே பெயர் வழங்கியது. இதைவிட மலிவான, இதைவிட வேடிக்கையாகத் தோன்றும் துணைப்பொருள் கிடையாது. ஆனால் அது செய்த வேலையை ஒலியியல் நோக்கில் பார்த்தால் வியப்பே மிஞ்சும். உதடுகளைக் குவித்து உகரத்தில் தொடங்கி ஆகாரத்துக்கு விரித்தால் நம் வாயில் 'வா' பிறக்கிறது. வாயின் திறப்பு மாறும்போது எந்தெந்த அதிர்வெண்கள் ஓங்குகின்றன என்பது மாறுவதாலேயே ஓர் உயிரொலியை மற்றொன்றிலிருந்து நாம் பிரித்தறிகிறோம். குடுவை மணிமுகப்பில் செய்வதும் ஏறத்தாழ இதுவே. சுரம் அப்படியே நிற்க, அதன் உயிரொலி மாறுகிறது. தொண்டையிலிருந்து எழுப்பும் உறுமலையும் அதனோடு சேர்த்தபோது டிராம்போன் பேசத் தொடங்கியது. 1927இல் பதிவான 'பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி' என்ற படைப்பில் மைலியின் பங்கை நீக்கிவிட்டால், அதன் இரங்கலும் எள்ளலும் சேர்ந்தே போய்விடும். குடுவை அங்கே ஒலியன், அலங்காரம் அன்று.

துணைப்பொருள் ஒன்று புதிய பொருளை உண்டாக்கிய நிகழ்வுக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. வால்வு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் டிரம்பெட் என்பது இயற்கையாக அமையும் மேற்சுரங்களை மட்டும் ஒலிக்கும் நீண்ட குழல். அதன் இடைப்பகுதியில் அடுத்தடுத்த சுரங்களை வரிசையாக வாசிக்க இயலாது. வியன்னாவில் ஆன்டன் வைடிங்கர் என்னும் வாசிப்பாளர் குழலில் துளைகளிட்டு, அவற்றை மூடித் திறக்கச் சாவிகள் பொருத்தினார். அன்றைய கேட்போருக்கு அது ஒரு விந்தைப் பொருளாகவே தோன்றியிருக்கும். அந்தக் கருவிக்காகவே ஜோசப் ஹைடன் 1796இல் தம் டிரம்பெட் கான்செர்ட்டோவை இயற்றினார். 1800இல் வைடிங்கர் அதை அரங்கேற்றினார். அதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. முதலில் பழைய டிரம்பெட்டும் ஒலிக்கக்கூடிய சில சுரங்களை மட்டும் தனிக்கருவி எழுப்புகிறது. பின்னர் தன் முறை வரும்போது, பழைய கருவியால் இயலாத படிப்படியான சுரவரிசையோடு நுழைகிறது. ஒரு சாதனத்தின் புதுமையையே இசைவாக்கியத்தின் பொருளாக்கிய செயல் அது. சாவி டிரம்பெட் விரைவில் வழக்கொழிந்தது. துளைகள் திறக்கும்போது அதன் ஒலி மங்கியது, வால்வு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. கருவி போனாலும் அதனால் சொல்ல முடிந்தது இன்றும் நிற்கிறது.

இதே அளவுகோலை விலையுயர்ந்த துணைப்பொருள்கள்மீது வைத்துப் பார்க்கலாம். பித்தளைக் கருவியில் ஒலிப்பது பெரும்பாலும் பித்தளை அன்று, உள்ளேயிருக்கும் காற்றுத்தூண். வாசிப்பவரின் உதடு அதை அதிரச் செய்கிறது. குழலின் உள்விட்டம் எங்கே எவ்வளவு விரிகிறது, மவுத்பீஸின் கிண்ணம் எவ்வளவு ஆழம், அதன் தொண்டை எவ்வளவு அகலம் என்பவையே ஒலியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் மிகச் சிறிய மாற்றத்தையும் வாசிப்பவர் உடனே உணர்வார். குழற்சுவரின் உலோகமும் தடிமனும் வேறு வகை. பிரிட்டனில் ரிச்சர்ட் ஸ்மித் என்னும் ஒலியியலாளர் 1980களில் மணிமுகப்பின் தடிமன் மட்டும் வேறுபடும் டிராம்போன்களைத் தேர்ந்த வாசிப்பாளர்களிடம் கொடுத்துச் சோதித்தார். கண்களைக் கட்டி, எடை வேறுபாடும் கைக்குத் தெரியாதபடி சமன்செய்தபின், அவர்களால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலவில்லை. அதற்கு முன்பே 1971இல் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவில் செய்த புல்லாங்குழல்களைக் கொண்டு இதையொத்த முடிவுக்கே வந்திருந்தார். சுவரின் அதிர்வால் ஒலியில் விளைவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மணிமுகப்பின் அதிர்வைத் தடுத்தால் ஒலியில் சிறு மாறுதல் ஏற்படுவதை ஆய்வகத்தில் அளந்து காட்டியவர்களும் உள்ளனர். ஆனால் இங்கேதான் 'பகல்' உதவுகிறது. அளக்கக்கூடிய வேறுபாடெல்லாம் பொருளுள்ள வேறுபாடு ஆகிவிடாது.

பொருளற்ற வேறுபாட்டுக்குப் பொருள் கொடுக்கும் பணியை மொழி ஏற்றுக்கொள்கிறது. விளம்பரங்களின் சொல்லாட்சியைக் கவனியுங்கள். 'கோல்டு பிராஸ்' என்ற பெயரைக் கேட்டதும் பொன் கலந்த உலோகம் என்று தோன்றும். அதில் பொன் கிடையாது. வழக்கமான பித்தளையில் செம்பு ஏறத்தாழ 70 விழுக்காடு, இதில் ஏறத்தாழ 85 விழுக்காடு, மீதி துத்தநாகம். நிறம் சற்றுச் சிவந்து பொன்னிறமாகத் தெரிவதால் அந்தப் பெயர். ஒலியைப் பற்றிய அடைமொழிகளோ 'இருண்டது', 'வெதுவெதுப்பானது', 'மையம் கொண்டது', 'செறிவானது' என்று நீள்கின்றன. ஓர் அடைமொழிக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அதன் எதிர்ச்சொல்லும் எங்கேனும் பயன்பட வேண்டும். 'மையம் சிதறிய ஒலி தரும் மூடி' என்று எந்தக் கடையும் விற்பதில்லை. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் அடைமொழி எந்தப் பொருளையும் விவரிப்பதில்லை. வாங்குபவர் தம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள விரும்புகிறார் என்பதையே அது விவரிக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வாசிப்பவர் கேட்பவரைப்போல் வெளியே நிற்பவர் அல்லர். கருவியின் அதிர்வு அவர் உதட்டிலும் கையிலும் படுகிறது. கனமான மூடி அந்த உணர்வை மாற்றக்கூடும். உணர்வு மாறினால் நம்பிக்கையும் அதன் வழியே வாசிப்பும் மாறக்கூடும். இதை மறுக்கவில்லை. தங்க முலாம் சிலரின் உதட்டுக்கு இதமாக இருப்பதும் உண்மை. வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தேவையும்கூட. அப்படியானால் அதை அந்தப் பெயராலேயே அழைப்போம். இது என் உதட்டுக்கு இதம், என் கைக்கு இணக்கம், இது இருந்தால் எனக்குத் துணிவு வருகிறது என்று சொல்வதில் குறையொன்றும் இல்லை. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இதனால் ஒலி மாறுகிறது என்று மாணவருக்குக் கற்பிக்கும்போதுதான் பிழை தொடங்குகிறது.

இனி, கண்ணுக்குத் தெரியும் வித்தைகளுக்கு வருவோம். இவற்றிலும் நல்லது கெட்டது உண்டு. ஆனால் தீர்ப்பளிக்க வேண்டியது நம் காது, நம் வெட்கம் அன்று. கிளார்க் டெர்ரி ஒரு கையில் டிரம்பெட்டும் மறுகையில் ஃப்ளூகல்ஹார்னும் பிடித்து மாறி மாறி வாசிப்பார். பார்ப்பதற்குச் சர்க்கஸ், கேட்டால் உரையாடல். ஒன்று கூர்மையாகக் கேட்க, மற்றொன்று தணிந்த குரலில் விடை சொல்லும். இரு கருவிகளின் ஒலிநிறம் வேறுபடுவதால்தான் வினாவும் விடையும் இருவர் வாயிலிருந்து வருகின்றன. டிஸ்ஸி கில்லெஸ்பியின் மேல்நோக்கி வளைந்த டிரம்பெட் 1953இல் ஒரு விருந்தில் நேர்ந்த விபத்தில் பிறந்தது. யாரோ மேல் விழுந்ததில் வளைந்துபோன கருவியை ஊதிப் பார்த்தவர், தம் ஒலி தமக்கே விரைவாகக் கேட்பதாக உணர்ந்து, அதே வடிவில் கருவி செய்யச் சொன்னார். அது அவரது முத்திரை ஆனது உண்மைதான். டிரம்பெட்டின் உயர் அதிர்வெண்கள் மணிமுகப்பு நோக்கும் திசையிலேயே அதிகம் செல்லும் என்பதும் உண்மைதான். ரஃபேல் மெண்டஸ் சுழல்மூச்சு முறையைக் கொண்டு பகனீனியின் 'மோட்டோ பெர்பெட்டுவோ'வை இடைவெளியின்றி வாசித்தபோது, வயலினுக்கு எழுதிய முறிவற்ற ஓட்டம் டிரம்பெட்டில் முறியாமல் நின்றது. அதே சுழல்மூச்சால் ஒரே சுரத்தை இரண்டு நிமிடம் இழுப்பவர், தம் நுரையீரலைப் பற்றி மட்டுமே பேசுகிறார். வித்தை ஒன்றே; ஒன்று வாக்கியத்தைச் சுமக்கிறது, மற்றொன்று வாக்கியத்தை நிறுத்திவிடுகிறது.

வித்தைக்கு உடல் கொடுக்கும் விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1930களின் தொடக்கத்தில் ஒரே நிகழ்ச்சியில் உச்சஸ்தாயி சுரத்தை நூறு முறைக்கு மேலும் அடுத்தடுத்து ஊதி அரங்கை அதிரவைத்தார். அதன் விளைவாக உதடு கிழிந்து, 1934இல் சில மாதங்கள் வாசிப்பையே நிறுத்த நேர்ந்தது. பின்னாளில் அவருக்கு உதவியது ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் டிராம்போன் வாசிப்பாளர் ஒருவர் தயாரித்த உதட்டுக் களிம்பு. அது பின்னர் ஆம்ஸ்ட்ராங்கின் பெயராலேயே விற்பனையானது. முலாமும் இல்லை, மூடியும் இல்லை. வாசிப்பவரின் தசையைக் காத்த ஒரு டப்பிக் களிம்பு. பயனுள்ள துணைப்பொருளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்வதன் காரணம் நம் தெருவில் இருக்கிறது. வடஇந்தியத் திருமண ஊர்வலங்களில் வாசிக்கும் பிராஸ் பேண்டுகளைப்போல் படித்தவர்களின் ஏளனத்துக்கு ஆளாகும் இசைக்குழுக்கள் இந்நாட்டில் வேறில்லை. ராணுவ பேண்டின் உடையைப்போல் தோள்பட்டைக் குஞ்சமும் தலைப்பாகையும், இருபுறமும் விளக்குகளைச் சுமந்து நடப்போர், மீரட் நகரின் ஜலி கோட்டி பகுதியிலிருந்து வரும் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரைப்பாடல்கள். இவர்களைப் பற்றி கிரிகரி பூத் 'பிராஸ் பாஜா' என்ற முழுநூலை 2005இல் வெளியிட்டபின்னும், நம் இசைத்துறைகளின் பாடத்திட்டங்களில் இவர்களைக் காண்பது அரிது. காரணம் கேட்டால் 'அது வெறும் பகட்டு' என்ற விடையே பெரும்பாலும் வரும்.

அந்தப் பகட்டைச் சற்று அருகில் சென்று கேட்போம். ஊர்வலத்தின் நடுவே யாரேனும் கைக்குட்டையின் ஒரு முனையை வாயில் கவ்வி மகுடி ஊதுவதுபோல் நிற்க, இன்னொருவர் பாம்பாகத் தரையில் நெளிவார். பேண்டு உடனே 'நாகின்' மெட்டுக்கு மாறும். 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அந்த மகுடி ஒலி மகுடியிலிருந்து வரவில்லை. ஹேமந்த் குமாரின் இசைக்காகக் கல்யாண்ஜி கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியில் அதை எழுப்பினார். மகுடியைப் போலச் செய்த மின்கருவியை இப்போது பித்தளைக் கருவி போலச் செய்கிறது. வாசிப்பவர் முன்னே வந்து, முழங்காலிட்டு, நெளிபவரின் தலைக்கு நேரே கருவியை ஆட்டுகிறார். ஆடுபவர் எழுந்தால் கருவியும் எழுகிறது. ஆடுபவர் சாய்ந்தால் சுரமும் வழுக்குகிறது. மண்டப மேடையின் நாற்காலியில் அமர்ந்து, தாளைப் பார்த்து அதே சுரங்களை வாசித்தால் இதில் எதுவும் மிஞ்சாது. சோதனையை இங்கேயும் வையுங்கள். வித்தையை எடுத்துவிட்டால் பொருள் மாறுகிறதா? மாறுகிறது, நிகழ்வே இல்லாமல் போகிறது. கருவியை உயர்த்திப் பிடிப்பதற்கும் இதுவே விடை. பட்டாசுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, மாடியில் நின்று பார்க்கும் பெண்களை நோக்கி ஒலியைத் திருப்ப மணிமுகப்பை உயர்த்தத்தான் வேண்டும். தலையைச் சுற்றி எடுத்து நீட்டப்படும் ரூபாய்த் தாள்கள் அவர்களது வருவாயின் பகுதி. முகூர்த்த நாள்களை நம்பி, ஒலிபெருக்கி வண்டியோடு போட்டியிட்டுப் பிழைப்பவருக்கு, யாரும் திரும்பிப் பார்க்காத நுட்பம் உதவாது.

ஆக, கேட்பவரோடு பேசும் வித்தையைச் செய்பவரை வித்தைக்காரர் என்று ஒதுக்கிவிட்டு, கேட்பவருக்கு எட்டாத மூடியை வாங்குபவரை ரசிகர் என்று போற்றுகிறோம். இது காதின் தீர்ப்பாக எனக்குத் தெரியவில்லை. யார் தெருவில் வாசிக்கிறார், யார் அரங்கில் வாசிக்கிறார் என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லப்படும் தீர்ப்பு இது. மொழியிலும் இதையே செய்கிறோம். ஒரே ஒலித்திரிபு மேடையில் வந்தால் நடை, சந்தையில் வந்தால் கொச்சை.

இதற்கு மருந்து அரிதானதன்று. ஒரு திரைச்சீலை போதும். இசைக்குழுக்கள் புதியவர்களைத் தேர்வு செய்யும்போது திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்வதுண்டு. 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் குழு, பெயரைக் கொண்டு ஆண் என எண்ணித் தேர்வுக்கு அழைத்த டிராம்போன் வாசிப்பாளர் ஆபி கோனன்ட், திரைக்குப் பின்னிருந்து வாசித்தே முதலிடம் பெற்றார். திரை விலகியபின் தம் இடத்தைக் காத்துக்கொள்ள அவர் பல்லாண்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மனிதர்களுக்கு இவ்வளவு கடுமையான திரையை இட முடிந்த நாம், ஒரு வால்வு மூடிக்கு ஏன் இடுவதில்லை?

இசை கற்பிக்கும் துறைகளும் கல்லூரி பேண்டுகளும் ஒன்றைச் செய்யலாம். மாணவரிடம் எந்தத் துணைப்பொருளையும் வாங்கச் சொல்வதற்கு முன், அதை மாட்டியும் கழற்றியும் வரிசை சொல்லாமல் பத்து முறை திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்யுங்கள். கேட்பவர்கள் தம் விடையைத் தனித்தனியாக எழுதட்டும். குருட்டு ஊகத்தைத் தாண்டி அவர்கள் சரியாகச் சொன்னால் வாங்குங்கள். இல்லையேல் அந்தப் பணத்தில் குழலின் உள்பகுதியைச் சுத்தம் செய்யலாம். காற்றுக் கசியும் தண்ணீர்ச் சாவியின் தக்கையை மாற்றலாம். உதட்டுக்குப் பொருந்தும் அளவில் ஒரு மவுத்பீஸ் வாங்கலாம். இவை பளபளப்பதில்லை, ஆனால் கேட்கும். இன்னும் பணம் மிஞ்சினால், திருமணப் பருவம் இல்லாத ஒரு மாதத்தில், ஊரிலுள்ள பேண்டு மாஸ்டர் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். நடந்துகொண்டே, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, எதிரே ஆடுபவரின் உடலைப் பார்த்துச் சுரத்தைத் திருப்புவது எப்படி என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லித்தரக்கூடியவர் அவர்தாம்.